கோட்டுக்குப் போகாத மனு

மாற்றுடுப்பை விட்டுவிட்டுக் காணி உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு நடந்த என் ஐயாவுக்கு,

உங்கள் மூத்த பிள்ளை வதனி, மொன்றியலில் இருந்து எழுதுகிறேன். வருகிற கிழமை உங்கள் மூன்றாவது ஆட்டைத் திவசம். இங்கே எங்கள் ஆட்கள் இப்படியான நாளில் தமிழ்ப் பத்திரிகையில் படம் போடுவார்கள். கீழே நாலு வரிப் பாட்டும், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர் வரிசையும் வரும். நானும் அதற்குத்தான் இடம் கேட்டேன். பெயர் எழுத இருந்தபோது "மருமகன்" என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. படமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், அந்த இடத்தில் ஒரு கடிதம் போடுவீர்களா என்று கேட்டேன். பத்திரிகைக்காரர் நல்ல மனுஷன், ஓமென்றார்.

ஆகவே ஐயா, இதை எல்லோரும் வாசிக்கப் போகிறார்கள். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். வீட்டுக் கதை படலையைத் தாண்டக் கூடாது என்பீர்கள். நான் என்ன செய்ய? ஒரு மாதமாக வடிவாகச் சாப்பிடவில்லை, நித்திரையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எத்தனை பேருக்கு நொத்தாரிசாக இருந்து காணி உறுதி எழுதிக் கொடுத்தீர்கள்! இப்போது எனக்கும் காணிச் சிக்கல்தான். உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?

முதலில் தங்கச்சியைப் பற்றிச் சொல்கிறேன். கலா இரண்டு பெட்டைகளையும் கூட்டிக்கொண்டு கொக்குவில் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். சைக்கிளில் போய்க் காணாமல் போன அவளுடைய மனுஷனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. அவளுக்கென்று நீங்கள் வைத்திருந்த காணியில் இப்போது ஆமிக்காரன் இருக்கிறான். இருக்கக் கூரை என்று அவளுக்கு மிச்சம் எனக்குச் சீதனமாக நீங்கள் எழுதித் தந்த வீடு மட்டும்தான். நான் இங்கே பனிக்குள் இருக்கிறேன், எனக்கெதற்கு அந்த வீடு? அவளே இருக்கட்டும் என்று கடிதமும் போட்டிருந்தேன்.

பங்குனியில், என்னைக் கட்டிய உங்கள் மருமகனின் தம்பி ஒரு ட்ராக்டரில் சாமான்களோடு வந்து இறங்கினாராம். "இது அண்ணையின்ரை வீடு. என்னை இருக்கச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார், பாரும்" என்று கலாவிடம் தாளை நீட்டியிருக்கிறார். முதலில் முன்னறை. பிறகு கூடம். இப்போது கலாவும் பிள்ளைகளும் குசினிக்குள் அடுப்பருகே பாய் போட்டுப் படுக்கிறார்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. குளிக்கப் போகும்போது தாய் கிணற்றடியில் காவல் நிற்க வேண்டியிருக்கிறது என்று கலா எழுதியிருக்கிறாள். தம்பியாரின் கூட்டாளிமார் மாலையானால் முற்றத்தில்தானாம். அந்த வரியை வாசித்துவிட்டு நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் துடைப்பான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் போனாளாம். அவர் என் கடிதத்தையும் தம்பியாரின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தாராம். "சீதனம் அக்காவின்ரைதான் பிள்ளை, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கலியாணம் கட்டின பெம்பிளை. புருஷன்ரை எழுத்து மாறி நிக்குது. உம்மடை பேரிலை உறுதி ஒண்டு இருந்தால் நான் இண்டைக்கே வந்து கதைப்பன்" என்றாராம்.

சரி, கலாவின் பெயருக்கே நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று முடிவெடுத்தேன். உங்களிடம் தொழில் பழகிய, இப்போது உங்கள் உறுதிப் பெட்டியை வைத்திருக்கிற நொத்தாரிசுதான் தாள்களைத் தயாரித்து, பெட்டியில் இருந்த வீட்டின் பழைய உறுதிக் கட்டையும் சேர்த்து அனுப்பினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நீங்கள் போடுவதுபோலவே பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார். இரண்டு புள்ளடி. ஒன்று எனக்கு. மற்றதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், "கணவரின் சம்மதம்."

ஐயா, அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. உங்கள் நொத்தாரிசுக் கந்தோரில் நல்ல பிரதி எழுதியவள் நான்தானே. பள்ளிக்கூடம் விட்டு வந்து, மை கொட்டாமல், வரி பிசகாமல், எத்தனை உறுதிகளில் அதை எழுதியிருப்பேன்! என் எழுத்து முத்து மாதிரி என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவீர்கள். எழுதும்போது ஒருநாளும் நான் அதை வாசித்ததில்லை போலிருக்கிறது.

நீங்கள் பெருமையாகச் சொல்லுகிற கதை ஒன்று உண்டே. ஒல்லாந்தன் எங்கள் வழக்கங்களையெல்லாம் கேட்டு எழுதி, ஊர்ப் பெரியவர்களான பன்னிரண்டு முதலிமாருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சரியென்ற பிறகுதான் யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமைச் சட்டமாக வைத்தான் என்று. அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் பெண்சாதிமாரிடம் ஒரு சொல் கேட்டிருப்பார்களா? பிறகு வெள்ளைக்காரன் திருத்தினான். பெண்ணின் சொத்து பெண்ணுக்கே என்று ஒரு கையால் கொடுத்தான். புருஷனின் எழுத்தில்லாமல் காணியை விற்கவோ கொடுக்கவோ ஏலாது என்று மறு கையால் பறித்தான். அவர்கள் எல்லோரும் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். அந்த வரி மட்டும் போகவில்லை. கடல் தாண்டி, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் இருக்கும் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். நான் உங்கள் மருமகனோடு இப்போது இல்லை. போன மாசியில் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று இங்கே விரித்து எழுதப் போவதில்லை. என் இடது தோள் இன்னும் முழுதாக உயராது என்பது மட்டும் போதும். உங்களுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் "நாங்கள் சுகம்" என்று பொய் எழுதினேன். நீங்கள் நம்பினீர்களா? இடம்பெயர்ந்து போய்ச் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வாங்கு மேசைகளுக்கு நடுவே கடைசியாகக் கிடந்தபோது, "வதனி சுகமா இருக்கிறாள், அது போதும்" என்று சொன்னீர்களாம். கலா எழுதினாள்.

நன்கொடைத் தாள்கள் வந்த அன்றே உங்கள் மருமகனுக்கு ரெலிபோன் எடுத்தேன். குரல் நடுங்கக் கூடாது என்று நின்றுகொண்டே கதைத்தேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்தார்.

"கையெழுத்துத்தானே? வீட்டை வாரும், போடுறன்."

"தாளை அனுப்பிவிடுறன். போட்டுத் தாருங்கோ. கலாவும் பிள்ளையளும் குசினிக்குள்ளை கிடக்கினம்."

"நீர் ஏன் தனிய இருக்கிறீர் எண்டு சனம் கேக்குது. நீரும் பிள்ளையும் சாமான் சக்கட்டோடை வாரும். உறுதியள் எல்லாத்தையும் கொண்டு வாரும். அடுத்த நாளே தம்பியை அங்கையிருந்து எழுப்பிவிடுறன். இல்லாட்டி உம்மடை தங்கச்சி றோட்டிலை நிண்டால், அது உம்மாலைதான். விளங்குதோ?"

விளங்கியது. என்னைப் பிடிக்கத்தான் தம்பியாரை அங்கே இறக்கியிருக்கிறார்.

இந்த ஊரில் வழி இருக்கும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் என்னோடு நிலம் துடைக்கிற ஒருத்தி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு நொத்தாரிசைத் தெரியும் என்றாள். இங்கேயும் நொத்தாரிசுக்கு நல்ல மரியாதை, ஐயா. உங்களைப் போல முத்திரையும் இறப்பர் சீலும் வைத்திருப்பார்கள். மஞ்சள் வழி மெத்ரோ ரயிலில் ஆற்றுக்குக் கீழால் போய் இறங்கினேன். ஒரு பெண், தலை நரைத்தவ, கதவைத் திறந்து "போன்ஜூர், மதாம் நாகலிங்கம்" என்றா. எனக்கு ஒரு கணம் உங்களைக் கூப்பிட்டதுபோல் இருந்தது. இங்கே கலியாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறாது. என் ஆஸ்பத்திரி அட்டை, வங்கி அட்டை எல்லாவற்றிலும் உங்கள் பெயர்தான்.

அவ தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலத்தில் கேட்டா.

"வீடு உங்களுடையதா?"

"ஓம். அப்பா தந்தது."

"உங்களுக்கு வயது வந்துவிட்டது. புத்தி சரியாக இருக்கிறது. அப்படியென்றால் இவருடைய கையெழுத்து எதற்கு?"

அவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தன் தாயின் கதையைச் சொன்னா. தகப்பன் மரம் வெட்ட வடக்கே காட்டுக்குப் போயிருந்த குளிர்காலத்தில் தம்பிக்குக் கால் முறிந்துவிட்டதாம். ஒப்பரேஷனுக்குத் தாய் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். தகப்பனுக்கு ஆள் அனுப்பி அவர் வந்து சேர நாலு நாள். தம்பி இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறானாம். "பழைய பிரெஞ்சுக்காரனின் சட்டம், ஆங்கிலேயன் காலத்தில் புத்தகமாகப் போட்டார்கள். ஒரு பெண் சட்டசபைக்குள் போய்ச் சண்டை பிடித்த பிறகுதான் மாறியது. நான் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தேன்" என்றா. பிறகு என் கையைத் தொட்டு, "இங்கே மாறிவிட்டது மதாம். ஆனால் உங்கள் நிலம் இங்கே இல்லையே" என்றா. திரும்பி வரும்போது மெத்ரோவில் எதிரே இருந்த பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மகள் கண்மணிக்கு எட்டு வயது. அவளும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள். "பூர்க்வா, ஏன் அம்மா? உங்கடை வீடெண்டால் ஏன் அப்பாட்டைக் கேக்கோணும்?" என்றாள். "அது அப்பிடித்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் குரல் என்று தெரிந்தது.

நல்லம்மாவை நினைவிருக்கிறதா ஐயா? கோயில் மணியகாரரின் பெண்சாதி. அவர் இவவை விட்டுவிட்டுக் கிளிநொச்சியில் வேறு குடித்தனம் வைத்திருந்தார். வாய் பேச ஏலாத மகளுக்குத் தன் சீதனக் காணியில் ஒரு துண்டு எழுத வேண்டுமென்று உங்களிடம் வந்தா. "அவரைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை, கையெழுத்து வேணும்" என்றீர்கள். இன்னொரு நாளும் வந்தா. பிறகும் வந்தா. கடைசித் தரம் கதிரையில் இருக்கவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. "நான் உயிரோடை இருக்கேக்கை குடுக்க வழியே இல்லையோ?" என்று கேட்டா. நீங்கள் பேனையைத் துடைத்தபடி, "சட்டம் அப்பிடி. நான் என்ன செய்ய?" என்றீர்கள். நான் பக்கத்து மேசையில் நல்ல பிரதி எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. ஒன்றும் எழுதி வைக்காமலே நல்லம்மா செத்த பிறகு காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரிந்தது. அந்த மகள் தமையன் வீட்டுக் குசினியில் கிடந்து காலம் கழித்தாள்.

உயிரோடு இருக்கும்போது. அந்தக் கேள்வி எனக்கு இப்போதுதான் உறைத்தது. புருஷனைக் கேட்காமல் பெண் மரண சாதனம் எழுதலாம், அதற்குத் தடையில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் செத்தால் வீடு கலாவுக்கு, இருந்தால் இல்லை. ஐயா, உங்களிடம் மறைக்க மாட்டேன், அந்தக் கணக்கு இரண்டு நாள் என் தலைக்குள் கிடந்தது. கண்மணி பள்ளிக்கூடத்தால் வந்து பசிக்குது என்று சட்டையைப் பிடித்து இழுத்தபோது வெட்கப்பட்டுப் போனேன். அடுப்பை மூட்டி அவளுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தேன்.

போன கிழமை கலாவின் அடுத்த கடிதம் வந்தது. நாலே வரி. "அக்கா, குசினிக் கதவுக்கு உள்ளாலை கொண்டி இல்லை. போடக் கேட்டன், விடினமில்லை. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கெதியாச் செய்யுங்கோ."

அதோடு நான் உடைந்துவிட்டேன். திரும்பிப் போவதென்று முடிவெடுத்தேன். தோள்தானே, மற்றத் தோளும் போகட்டும், அங்கே ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை. சனிக்கிழமை காலை கண்மணியின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தேன். அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாட்டையா?" என்றாள். ஓமென்றேன். அவள் அழவில்லை. தன் செருப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளி ஒளித்தாள். நான் அதைப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

உறுதிகள் எல்லாம் வேண்டும் என்றாரே. உங்கள் பெட்டியில் இருந்து வந்த கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். நடுவில் இரண்டாக மடித்த ஒரு தாள் விழுந்தது. உங்கள் எழுத்து. மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு மனு. "மனுதாரரின் கணவர் அவரை விட்டு வேறாக வாழ்வதாலும், தகுந்த காரணமின்றிச் சம்மதம் தர மறுப்பதாலும், அச்சம்மதம் இன்றியே மேற்படி காணியை நன்கொடை செய்ய அனுமதிக்குமாறு." மனுதாரர் பெயர், நல்லம்மா. திகதி போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அதை இரண்டு தரம் வாசித்தேன், ஐயா.

வழி இருந்திருக்கிறது. அதே சட்டத்திலேயே இருந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தும் இருக்கிறது. உட்கார்ந்து எழுதியும் இருக்கிறீர்கள். பிறகு ஏன் கோட்டுக்குக் கொண்டுபோகவில்லை? மணியகாரர் உங்களோடு ஒன்றாகப் படித்தவர் என்பதாலா? திருவிழாவில் முதல் காளாஞ்சி மரியாதை யாருக்கு என்பதில் பிசகு வந்துவிடும் என்றா? அந்த மனுஷி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்தத் தாள் உங்கள் மேசை லாச்சிக்குள் இருந்ததா?

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் கத்தியிருப்பேன். சத்தியமாகக் கத்தியிருப்பேன். நான் சின்ன வயதில் இருந்து உங்களை நேர்மையான மனுஷன் என்றே நினைத்தவள். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்க ஆசை. அந்தத் தாளை ஏன் கிழித்து எறியாமல் வைத்திருந்தீர்கள்? ஓடுகிற வழியிலும் ஏன் சுமந்துகொண்டு போனீர்கள்? உங்கள் மனம் கேட்கவில்லை என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். வேறு பதில் எனக்கு இனிக் கிடைக்காது.

அன்று பின்னேரம் கண்மணியின் உடுப்புகளைத் திருப்பி அலுமாரியில் வைத்தேன். செருப்பைக் கட்டிலுக்குக் கீழே இருந்து அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து உங்கள் மனுவைப் பார்த்து நல்ல பிரதி எழுதினேன். நல்லம்மா என்று இருந்த இடத்தில் என் பெயர். மணியகாரர் இருந்த இடத்தில் உங்கள் மருமகன். காணி விபரத்தைத் தவிர மற்றதில் ஒரு சொல் மாற்றத் தேவைப்படவில்லை. உங்கள் காலத்து மனு, என் கதைக்கு அப்படியே பொருந்தியது.

திங்கட்கிழமை லொங்குய்யுக்குப் போனேன். அந்த நொத்தாரிசு அம்மா என்னைத் தனக்கு முன்னால் கையெழுத்துப் போடச் சொல்லிச் சீல் குத்தித் தந்தா. என் புள்ளடியின் மேல் போட்டேன். மற்றப் புள்ளடியை அவவின் அழிறப்பரை வாங்கி அழித்தேன். அவ தூளை ஊதிவிட்டா. யாழ்ப்பாணத்தில் மாவட்டக் கோடு திரும்பத் திறந்து வழக்குக் கேட்கிறார்களாம். ஆனால் நான் அனுப்பிய தபால் கொழும்பு சுற்றிப் போய்ச் சேர எத்தனை நாளோ, வழக்கு எப்போது கூப்பிடுவார்களோ, நீதிபதி என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. அதுவரை குசினிக் கதவுக்குக் கொண்டி இல்லை. நான் போகாமல் இருந்தது பிழையோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் யோசிக்கிறேன். பெட்டைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ரீச்சரோடு போய்ப் படு என்று கலாவுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் இல்லை.

கலாவின் பெயருக்கு வீடு போனாலும், நாளைக்கு அவள் ஒரு துண்டு விற்க நினைத்தால் காணாமல் போனவரின் கையெழுத்தைக் கேட்பார்கள், ஐயா. அவளுக்கும் இன்னொரு பிரதி எழுத வேண்டிவரும். எழுதுவேன்.

உங்கள் மருமகனும் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்தான். ஞாயிற்றுக்கிழமை திரும்ப ரெலிபோன் எடுத்து, என் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். இதுதான் பதில். நான் வரமாட்டேன். கலியாண வீடுகளிலும் கோயிலிலும் சனம் கேட்டால் இதையே காட்டட்டும்.

ஐயா, உங்கள் திவசத்துக்குப் படையல் வைக்க இந்த முறை என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் வெறுமையாக விட்ட இடத்தில் திகதி போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் அதன் பிரதி ஒன்றை உங்கள் உறுதிப் பெட்டிக்குள், நல்லம்மாவின் மனுவோடு சேர்த்து வைப்பிப்பேன். பேச ஏலாத அந்த மகள் இன்னும் உயிரோடு இருந்தால் தேடிப் பிடித்து, தாய்க்காக நீங்கள் எழுதிய தாளை அவளுக்குக் காட்டச் சொல்லிக் கலாவிடம் சொல்வேன். அவளிடம் உங்களுக்காக மன்னிப்பும் கேட்பேன். அதன் பிறகு உங்களோடு கோபம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கந்தோரில் தலை நிமிர்த்தாமல் நல்ல பிரதி எழுதிய உங்கள் மூத்த மகள்,
நாகலிங்கம் வதனி